இல்லாத ஒன்று வந்து சேரும் காலம்

என் தங்கையின் மகனுக்கு ஏழாவது மாதத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. இப்போது அவனுக்கு ஆறு வயது. இடைப்பட்ட ஆண்டுகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தும் ஒரு தடித்த நீல ஃபைலில் என்னிடம் இருக்கின்றன. குழந்தையை விட்டு நகர முடியாத தாயும், மஜ்ஜையைக் கொடுத்துவிட்டு மறுநாளே இடுப்பு வலியுடன் அறை வாசலில் வந்து நின்ற தந்தையும் காகிதங்களைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அதனால் தாய்மாமன் என்ற முறையில் அந்த வேலை எனக்கு வந்தது. முதலில் அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். பிறகு அவற்றில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன என்று மருத்துவர்களிடம் கேட்கத் தொடங்கினேன். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்லோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. சிகிச்சைக்குப் பிந்தைய காலத்தை 'நோயெதிர்ப்பு மீட்சி' என்கிறார்கள். மீள்வது என்றால் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பி வருவது. காய்ச்சலிலிருந்து மீளலாம், கடனிலிருந்து மீளலாம். கடுமையான ஒருங்கிணைந்த நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு, மருத்துவர்கள் சுருக்கமாக 'ஸ்கிட்' என்று அழைக்கும் நிலையோடு, பிறந்த குழந்தைக்குத் திரும்பிப் போவதற்கு ஓர் இடம் கிடையாது. கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள், வேலை செய்யும் நிலையில் அதன் உடலில் ஒருநாளும் இருந்ததில்லை. எனவே சிகிச்சைக்குப் பின் நடப்பது மீட்சி அல்ல, முதல் வருகை. சொல்லைப் பற்றிய வீண் பிடிவாதமாக இது தோன்றலாம். ஆனால் 'எப்போது பழையபடி ஆவான்?' என்று உறவினர்கள் கேட்ட ஒவ்வொரு முறையும் என் தங்கை பதில் சொல்ல முடியாமல் தவித்ததற்குக் காரணம், அந்தக் கேள்விக்குள்ளேயே இல்லாத ஒரு 'பழையபடி' இருந்ததுதான்.

அவனுடைய குறைபாடு ஐ.எல்.2.ஆர்.ஜி என்ற மரபணுவில் இருந்தது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு, செல்களின் மேற்பரப்பில் 'காமா சங்கிலி' என்ற ஒரு புரதத்தை உருவாக்குகிறது. இன்டர்லூக்கின் 2, 4, 7, 9, 15, 21 ஆகிய ஆறு செய்திப் புரதங்களும் செல்லுக்குள் தம் செய்தியைச் சேர்க்க இந்த ஒரே சங்கிலியை நம்பியிருக்கின்றன. ஏழாம் எண் செய்தி எட்டாவிட்டால் டி செல்கள் உருவாவதில்லை. பதினைந்தாம் எண் எட்டாவிட்டால் என்.கே செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் உருவாவதில்லை. பி செல்கள் மட்டும் எண்ணிக்கையில் குறையாமல் உருவாகின்றன. ஆனால் இருபத்தோராம் எண் செய்தி கேட்காததால் அவை முறையான எதிர்ப்புப் புரதங்களைச் செய்யத் தெரியாதவையாக நிற்கின்றன. தாய் வழியாக ஆண் குழந்தைக்கு வரும் குறைபாடு இது என்று மருத்துவர் விளக்கிய அன்று என் தங்கை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் தாயிடமிருந்து அது வந்திருந்தால், எனக்கும் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு இருந்தது என்பதை நான் அன்றிரவுதான் கணக்கிட்டேன். அதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லாமலேயே விட்டுவிட்டேன்.

தந்தைக்கும் மகனுக்கும் திசு ஒற்றுமை பாதிதான். முழுமையாகப் பொருந்தும் உடன்பிறப்பு இருந்திருந்தால் மஜ்ஜையை அப்படியே செலுத்தியிருப்பார்கள். அதிலுள்ள முதிர்ந்த டி செல்கள் சில வாரங்களிலேயே பெருகி வேலையைத் தொடங்கியிருக்கும். பாதி பொருத்தம் மட்டுமே உள்ள மஜ்ஜையை அப்படிச் செலுத்தினால், அதே முதிர்ந்த டி செல்கள் குழந்தையின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்கும். ஆகவே அவற்றைப் பிரித்து நீக்கிவிட்டு, ரத்த அணுக்களுக்கு மூலமான ஸ்டெம் செல்களை மட்டும் கொடுக்கிறார்கள். ஆபத்து குறைகிறது, காத்திருப்பு நீள்கிறது. புதிய டி செல்கள் ரத்தத்தில் தென்படச் சுமார் மூன்று நான்கு மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னது காதில் விழுந்தது, மனத்தில் தங்கவில்லை. நாற்பதாம் நாள் அறிக்கையில் டி செல்களுக்கு நேராகச் சுழியம் அச்சாகியிருந்ததைப் பார்த்தபோது சிகிச்சை தோற்றுவிட்டது என்றே நாங்கள் மூவரும் நினைத்தோம்.

அந்த மூன்று நான்கு மாதங்கள் எங்கே செலவாகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்னால் அந்தச் சுழியத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. டி செல்களின் பள்ளிக்கூடம் அதுதான். ஸ்கிட் குழந்தைகளிடம் இது ஒரு கிராமுக்கும் குறைவாகச் சுருங்கிக் கிடக்கும். மார்பு எக்ஸ்ரேயில் அதன் நிழல்கூடத் தெரியாது. மாணவர்களே வராத பள்ளி அப்படித்தான் இருக்கும். ஆனால் கட்டடம் பாழாகவில்லை என்பதுதான் இந்த மருத்துவத்தின் மிக வியப்பான செய்தி என்று நான் கருதுகிறேன். கொடையாளரின் ஸ்டெம் செல்களிலிருந்து புறப்பட்ட முன்னோடிச் செல்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும், பிறந்ததிலிருந்து வெறுமையாக இருந்த அந்தச் சுரப்பி வளரத் தொடங்குகிறது, பாடம் நடத்தத் தொடங்குகிறது. உடலுக்குச் சொந்தமானது எது, அந்நியமானது எது என்பதை அங்கேதான் அந்தச் செல்கள் கற்கின்றன. தேறாதவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தந்தையின் செல்கள்தாம், ஆனால் மகனின் பள்ளியில் படித்தவை. எனவேதான் சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டியிருக்க, இந்தக் குழந்தைகளில் பலர் அவை எதுவுமின்றி வாழ முடிகிறது.

இந்த இடைக்காலத்தின் அபாயத்தை உலகம் ஒரு சிறுவனின் மூலம் அறிந்தது. ஸ்கிட்டுக்கு முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்று 1968-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ராபர்ட் குட் தலைமையிலான குழுவினரால், சகோதரியின் மஜ்ஜையைக் கொண்டு செய்யப்பட்டது. பொருத்தமான உடன்பிறப்பு இல்லாத குழந்தைகளுக்கு அதற்குப் பின்னும் நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்த டேவிட் வெட்டர் அப்படிப்பட்டவன். கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்த அவனுக்கு 1983-இல், முழுப் பொருத்தமில்லாத சகோதரியின் மஜ்ஜை, முதிர்ந்த டி செல்கள் நீக்கப்பட்டுச் செலுத்தப்பட்டது. அந்த மஜ்ஜையோடு எப்ஸ்டைன் பார் வைரஸும் ஒளிந்து சென்றது. அதைக் கட்டுப்படுத்த டி செல்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் புற்றுநோயாக மாற, 1984 பிப்ரவரியில் அவன் இறந்தான். அவனைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அந்தக் கூடாரத்தைத்தான் நினைவுகூர்கிறார்கள். எனக்கோ மாற்று சிகிச்சைக்குப் பிந்தைய அந்த நான்கு மாதங்களே நினைவில் நிற்கின்றன, ஏனென்றால் நாங்கள் வாழ்ந்துகொண்டிருந்தது அதே காலத்தில்தான். ஆயினும் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. வைரஸ்களின் அளவை வாரந்தோறும் ரத்தத்தில் அளந்து, ஏறத் தொடங்கும்போதே மருந்து கொடுக்க இப்போது முடிகிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் அறிக்கையில் டி செல்கள் 86 என்று வந்தது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியவை. 'எண்பத்தாறுதானே அண்ணா?' என்று தங்கை கேட்டாள். 'சுழியம் இல்லையே' என்றேன். அதற்குமேல் விளக்கமளிக்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. அடுத்த மாதம் அது 400-ஐத் தாண்டியது.

அதன் கூடவே காய்ச்சலும் வந்தது. இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் எங்களை எவரும் இதற்குப் போதுமான அளவு தயார்ப்படுத்தவில்லை. பிறந்த உடனே அவனுக்குக் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி தடுப்பூசி போடப்பட்டிருந்தது. அது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. மற்றக் குழந்தைகளின் தோளில் சிறு தழும்போடு முடிந்துபோகும் அது, டி செல்கள் இல்லாத உடலில் அடங்குவதில்லை. அவனுடைய அக்குளில் நெறி கட்டியதுதான் நாங்கள் முதலில் கண்ட அறிகுறி. காசநோய் மருந்துகள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரசினமைடு மட்டும் பட்டியலில் இல்லையே என்று நான் கேட்டபோது, பி.சி.ஜி கிருமிக்கு அந்த மருந்து இயல்பாகவே வேலை செய்யாது என்று விளக்கினார்கள். மாற்று சிகிச்சைக்குப் பின் நான்கு மாதங்கள் அந்தக் கட்டி அமைதியாக இருந்தது. டி செல்கள் ஏறத் தொடங்கிய அதே வாரங்களில் அது சிவந்து வீங்கி, ஒருநாள் உடைந்து சீழ் வடிந்தது. உடல் வெப்பம் 39 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தது.

கிருமி வலுத்துவிட்டது என்று நாங்கள் நடுங்கினோம். மருத்துவரோ அறிக்கையைப் பார்த்துவிட்டு, கவலையோடும் ஏதோ ஒரு நிறைவோடும், 'இப்போதுதான் அவனுடைய உடல் அதைப் பார்க்கிறது' என்றார். இத்தனை மாதங்கள் கிருமி அங்கேயேதான் இருந்தது. எதிர்க்க ஆளில்லாததால் சண்டையும் இல்லை, வீக்கமும் இல்லை. புதிதாக வந்த செல்கள் கிருமியைக் கண்டு போரிட, அந்தப் போரே நோயாக வெளிப்பட்டது. இதை அவர்கள் எதிர்ப்பு சக்தி மீளும்போது வரும் அழற்சி என்கிறார்கள். காசநோய் மருந்துகளைத் தொடர்ந்தபடியே, அழற்சியைத் தணிக்கக் குறைந்த நாட்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அந்த மருந்து, நாங்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த அதே டி செல்களை அடக்கக்கூடியது என்பதால் அளவை மிகக் கவனமாகத் தீர்மானித்தார்கள். குழந்தை நலமடைவதன் அறிகுறியும் நோய் முற்றுவதன் அறிகுறியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதை இப்படி ஒரு நிலைமைக்கு முன்பாகவே பெற்றோரிடம் சொல்லிவைப்பது நல்லது. அதைச் சொல்ல ஐந்து நிமிடங்கள் போதும். சொல்லியிருந்தால் மூன்று இரவுகள் வேறுவிதமாகக் கழிந்திருக்கும்.

காய்ச்சல் தணிந்த பிறகு எண்கள் ஏறின. ஆறாவது மாதத்தில் சி.டி.4 வகை டி செல்கள் 500-ஐத் தாண்டுகின்றனவா என்பதை மருத்துவர் ஆவலோடு எதிர்பார்த்தார். அதன் காரணத்தைப் பின்னர் படித்தேன். வட அமெரிக்காவில் 1982 முதல் 2012 வரை மாற்று சிகிச்சை பெற்ற 662 குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் சி.டி.4 எண்ணிக்கை 500-க்குக் கீழே இருந்த குழந்தைகளுக்குப் பின்னாளைய நிலை மோசமாக இருந்ததைக் காட்டியது. எங்கள் அறிக்கையில் 540 இருந்தது. அன்று நாங்கள் மகிழ்ந்ததை மறைக்க விரும்பவில்லை. எனினும் எண்ணிக்கை மட்டும் போதாது என்று அதே மருத்துவர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நூறு செல்கள் தம்மைத்தாமே பிரதியெடுத்து ஆயிரமாகலாம். அப்போது எண் உயரும், ஆனால் அந்த ஆயிரத்துக்கும் நூறு செல்களின் அறிவுதான் இருக்கும். தைமஸிலிருந்து அன்றாடம் புதிய செல்கள் வெளியேறுகின்றனவா என்பதே உண்மையான கேள்வி.

அதை அறிய இரண்டு வழிகள். ஒன்று, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத புதுச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சி.டி.45.ஆர்.ஏ என்ற அடையாளத்தை எண்ணுவது. மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு டி செல்லும் தைமஸில் தனக்கென ஓர் ஏற்பியை உருவாக்கிக்கொள்ளும்போது மரபணுவின் ஒரு துண்டை வெட்டி எறிகிறது. வெட்டப்பட்ட துண்டு சிறு வளையமாகச் சுருண்டு செல்லுக்குள்ளேயே கிடக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது இந்த வளையம் பிரதியெடுக்கப்படுவதில்லை. எனவே வளையம் வைத்திருக்கும் செல் பள்ளியிலிருந்து அண்மையில் வெளிவந்த செல். 'ட்ரெக்' என்று அழைக்கப்படும் இந்த வளையங்களை ரத்தத்தில் எண்ணினால் தைமஸ் எவ்வளவு உழைக்கிறது என்பது தெரிந்துவிடும். குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் இதே வளையங்களைத் தேடித்தான் பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கிட் இருக்கிறதா என்று கண்டறிகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் இதைத் தொடங்கியது, 2018-ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றின. அந்த ஒரு துளி எங்கள் குழந்தையிடம் பிறந்த வாரத்திலேயே எடுக்கப்பட்டிருந்தால் பி.சி.ஜி ஊசியே போடப்பட்டிருக்காது. மாற்று சிகிச்சையும் நோய்த்தொற்றுக்கு முன்பே நடந்திருக்கும். 2000 முதல் 2009 வரை சிகிச்சை பெற்ற 240 குழந்தைகளை ஆராய்ந்தபோது, மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். மொத்தக் குழந்தைகளில் அது 74 விழுக்காடுதான்.

முதல் பிறந்தநாளைத் தாண்டி ஏழு மாதங்கள் ஆனபோது, அதாவது சிகிச்சையின் முதலாண்டு நிறைவில், அவனுடைய டி செல்கள் எல்லாச் சோதனைகளிலும் தேறின. ராஜ்மா பயற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதத்தோடு ஆய்வகத்தில் சேர்த்தபோது ஆரோக்கியமான செல்களைப் போலவே அவை பெருகின. உறவினர்கள் எல்லோருக்கும் 'சரியாகிவிட்டது' என்று சொல்லலாமா என்று தங்கையின் கணவர் கேட்டார். மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் இருந்தது பி செல்களின் கணக்கு.

டி செல்கள் நூற்றுக்கு நூறும் தந்தையுடையவை. பி செல்களோ ஏறக்குறைய முழுவதும் மகனுடையவை, இருபத்தோராம் எண் செய்தியைக் கேட்க இயலாத அதே பழைய செல்கள். நோய்த்தொற்றோடு இருந்த அவனுக்குக் கீமோதெரபி தாங்காது என்பதால் மஜ்ஜையைக் காலிசெய்யாமலேயே ஸ்டெம் செல்களைச் செலுத்தியிருந்தார்கள். காலியாகாத இடத்தில் புதியவை குடியேறுவது கடினம். தைமஸ் மட்டும் முன்பே காலியாக இருந்ததால் அங்கே அவற்றுக்கு இடம் கிடைத்தது. ஒரே உடலில் இரண்டு பேருடைய செல்கள் துறை பிரித்துக்கொண்டு வாழும் இந்நிலையால், அவன் இன்றும் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொள்கிறான். பிறருடைய ரத்தத்திலிருந்து திரட்டிய எதிர்ப்புப் புரதங்கள் அவை. மூன்று வாரங்களில் உடலில் பாதியாகக் குறைந்துவிடும்.

புசல்ஃபான் போன்ற கீமோதெரபி மருந்தைக் கொடுத்து மஜ்ஜையில் இடம் ஏற்படுத்தியிருந்தால் பி செல்களும் வந்திருக்கலாம். அதற்கான விலை நுரையீரல், கல்லீரல், பல் வளர்ச்சி, பின்னாளில் குழந்தைப்பேறு என்று நீளக்கூடியது. மரபணுவைப் பழுதுபார்க்கும் திறனே குறைந்த ஆர்ட்டெமிஸ் வகை ஸ்கிட் குழந்தைகளுக்கு அது இன்னும் கொடியது. மறுபுறம், ஏழாம் எண் செய்தியை வாங்கும் ஐ.எல்.7 ஏற்பியில் மட்டும் குறையுள்ள குழந்தைகளின் சொந்த பி செல்கள், டி செல்கள் வந்ததும் தாமே வேலை செய்யத் தொடங்குகின்றன. அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆகவே மருந்து தேவையா, எவ்வளவு தேவை என்பதைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே நெடுநாள் வாதம் நடந்துவருகிறது. எந்த மரபணு என்று கேட்காமல் இதில் ஒரு பக்கம் சாய்ந்து பேசுபவர்களை நான் நம்புவதில்லை. எங்களுக்குக் கிடைத்த பாதையில் வாரம் ஒருமுறை ஊசி என்ற சுமை இருக்கிறது. அன்று அவன் இருந்த நிலையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

தைமஸைப் பற்றிய ஒரு கவலை மட்டும் ஃபைலின் பின்பக்கங்களில் மெல்ல வளர்கிறது. மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைகளின் ட்ரெக் அளவு ஓரிரு ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்குவதாகவும், பதினான்கு ஆண்டுகளில் மிகவும் தாழ்ந்துவிடுவதாகவும் 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வயது ஏற ஏற எல்லோருக்கும் தைமஸ் சுருங்கத்தான் செய்யும். ஆனால் மஜ்ஜையிலிருந்து புதிய முன்னோடிச் செல்கள் தொடர்ந்து வராத குழந்தைகளிடம் அது இன்னும் விரைவாக அடங்கிவிடலாம். எங்கள் பையனின் புதுச் செல்கள் கடந்த ஆண்டு சி.டி.4 செல்களில் 61 விழுக்காடு. இவ்வாண்டு 54. 'இந்த வயதில் இது நல்ல எண்தான், ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம்' என்றார் மருத்துவர். அவர் கலங்கவில்லை. நானும் கலங்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் தங்கை ஒரு புகைப்படம் அனுப்பினாள். அவனுடைய இடது கை நடுவிரலில், நகத்துக்கு அருகே, கடுகளவுக்குச் சற்றுப் பெரிதாக ஒரு மரு. இந்த வயதுக் குழந்தைகளில் பலருக்கும் வருவதுதான். ஆனால் இவனுடைய மரபணுக் குறைபாட்டோடு பிறந்தவர்கள் சிலருக்கு, டி செல்கள் நன்றாக இருந்தும், மாற்று சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்து மருக்கள் கட்டுக்கடங்காமல் பரவியிருக்கின்றன. 2004-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மாற்று சிகிச்சை பெற்ற 41 ஸ்கிட் நோயாளிகளில் ஒன்பது பேருக்கு அப்படி நேர்ந்தது. 'சாதாரண மருதானே அண்ணா?' என்று கேட்டிருந்தாள். இப்போது என்னிடம் ஓரளவு அறிவு இருக்கிறது, ஆனால் அதைக்கொண்டு அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இல்லை. 'மருத்துவரிடம் காட்டு, நான் குறித்துவைக்கிறேன்' என்று எழுதினேன். ஃபைலில் புதிய தாள் ஒன்றைச் சேர்த்து, தேதியையும், விரலையும், இரண்டு மில்லிமீட்டர் என்ற அளவையும் எழுதிவைத்திருக்கிறேன்.